அப்பா விட்டுப்போன துப்பாக்கியை என்ன செய்வது

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பீரோவுக்கு மேலே இருந்த கித்தான் உறையை இறக்கினேன். உள்ளே 'பன்னிரண்டு போர்' என்ற குழல் அளவுள்ள ஒத்தைக் குழல் துப்பாக்கி. மலையடிவாரத்து நிலக்கடலைக் காட்டில் பன்றி இறங்குகிறது என்று சொல்லி 1979இல் லைசென்ஸ் எடுத்தது. வானத்தைப் பார்த்து வெடித்ததைத் தவிர அப்பா வேறு எதையும் சுட்டு நான் பார்த்ததில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும், அவர் ஞாபகம்" என்றார் அம்மா. "தீபாவளிக்கு வரும்போது நான் எடுத்துக்கிறேன்" என்று தம்பி போனில் சொன்னான். நானும் சரி என்று மறுபடி மேலே ஏற்றிவிட்டேன்.

நாலு மாதம் அங்கேயே இருந்தது. அந்த நாலு மாதமும் நான் குற்றம் செய்துகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே ஆரம்பியுங்கள். நான் வக்கீல் இல்லை, பள்ளிக்கூடத்து டீச்சர். ஒரு துப்பாக்கிக்காக ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஒரு வருடம் நடந்தவள், அவ்வளவுதான்.

முதலில் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்குக் கொடுப்பது இல்லை. ஆள் போனால் லைசென்ஸும் போச்சு. துப்பாக்கி என்ற பொருள் வாரிசுகளுக்குத்தான் சேரும். அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை சேராது. ஆயுதச் சட்டம் 1959இல் 21ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. எந்தக் காரணத்தாலாவது ஒரு ஆயுதத்தை வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டால், தேவையில்லாத தாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆர்ம்ஸ் டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். காலாவதி ஆன லைசென்ஸுக்கும் இதே விதிதான். ஒப்படைக்காமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை, கூடவே அபராதம். திருத்தத்துக்கு முன்னால் இது 1 முதல் 3 வருடமாக இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு வழக்குப் போட மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்த ஒருவரை அந்த விதி காப்பாற்றலாம். பீரோ மேலே இருப்பது தெரிந்தும் தீபாவளிக்குக் காத்திருந்த என்னைப் போன்றவர் அதை நம்பி உட்கார வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

உறையைத் திறக்கும் முன் குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். துப்பாக்கியைப் பிடித்துப் பழக்கம் இல்லை என்றால் தொடவே வேண்டாம், பழகியவரைக் கூப்பிடுங்கள். என் அப்பாவுடையது நடுவில் மடங்கும் வகை. மேலே இருக்கும் சின்ன நெம்புகோலை ஒதுக்கினால் குழல் கீழே சாயும், தோட்டா போகும் ஓட்டை தெரியும். ஆள் இல்லாத பக்கம் குழலைத் திருப்பி வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்து மாமா திறந்து காட்டினார். காலியாக இருந்தது. அப்பா அப்படி வைக்கிற ஆள்தான், ஆனாலும் பார்க்காமல் நம்பக் கூடாது.

அடுத்தது எண். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இந்த இடத்தைப் படியுங்கள். ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒரு எண் பொறித்திருக்கும். குழலை மடக்கினால் தெரியும் தட்டையான இரும்பில், கீழ்ப்பக்கம் இருந்தது அப்பாவுடையதில். நாற்பது வருட எண்ணெயும் அழுக்கும் ஏறி எழுத்தே தெரியவில்லை. மாமா துணியால் துடைத்துவிட்டு, பூஜை அலமாரியில் இருந்து விபூதி எடுத்து வரச் சொன்னார். ஒரு சிட்டிகை வைத்துத் தேய்த்து ஊதினார். பள்ளத்தில் மட்டும் விபூதி தங்கி, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியது போல எண் வெள்ளையாக எழுந்து வந்தது: 38274. போனில் படம் எடுத்தேன். லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்தேன். அதில் இருந்தது 38214.

ஏழு ஒன்றாகியிருந்தது. இதில் என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

தோட்டாவையும் எண்ணுங்கள். எங்கள் வீட்டில் ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றில் 11 இருந்தன. அட்டைக் குழல் ஈரத்தில் ஊதி, பித்தளை அடிப்பாகம் பச்சை பூத்துக் கிடந்தது. பழையது, வெடிக்காது என்று கிணற்றில் போடுவது, குழி தோண்டிப் புதைப்பது, அடுப்பில் எறிவது எதுவும் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் குற்றமே. துப்பாக்கியோடு சேர்த்துத்தான் அதற்கும் கணக்கு. அப்பாவின் பழைய பெட்டிகள், கோட்டுப் பைகள், காட்டுக் கொட்டகைப் பரண் எல்லாவற்றையும் ஒருமுறை துழாவுங்கள். அப்பாவின் பழைய பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறப் போய், ஸ்கேனரில் ஒரே ஒரு தோட்டா தெரிந்தால், வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

இனி ஸ்டேஷன். பலரும் செய்யும் தப்பு, துப்பாக்கியைச் சேலையில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்து நேரே கொண்டுபோவது. லைசென்ஸ் இல்லாத நீங்கள் ஆயுதத்தோடு ரோட்டில் போகிறீர்கள். வழியில் வண்டிச் சோதனை இருந்தால் என்ன சொல்வீர்கள்? முதலில் எழுத்தில் தகவல் கொடுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

"என் தகப்பனார் இன்ன தேதியில் காலமானார். அவர் பெயரிலுள்ள, இன்ன எண் உரிமத்தில் கண்ட 12 போர் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றும், தோட்டா 11ம் என் வீட்டில் பூட்டிய பீரோவில் உள்ளன. துப்பாக்கியில் பொறித்துள்ள எண் 38274. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி இவற்றை ஒப்படைக்க விரும்புகிறேன். பெற்றுக்கொண்டு ரசீது வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இறப்புச் சான்றிதழ் நகல், லைசென்ஸ் நகல் இரண்டையும் இணைத்தேன். மனு கொடுத்ததற்குச் சீட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்தார், அவரோடு ஆட்டோவில் போனேன். உங்கள் ஸ்டேஷனில் ஆள் அனுப்ப மாட்டோம், நீங்களே கொண்டு வாருங்கள் என்றால், அதை மனுவின் நகலில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நாலு மாதத் தாமதம் பற்றி இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் மழுப்பவில்லை, விதி தெரியாது, தெரிந்ததும் வந்துவிட்டேன் என்றேன். கொஞ்சம் திட்டினார், அதோடு விட்டார். எல்லாரும் அப்படி விட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

ரசீதில்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ரைட்டர் "பழைய துப்பாக்கி 1" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். எண்ணும் தோட்டாக் கணக்கும் வேண்டும் என்றேன். "டீச்சர், இங்க என்ன அம்பது துப்பாக்கியா இருக்கு, மாறிப்போறதுக்கு?" என்றார். நான் அசையாமல் நின்றேன். சலித்துக்கொண்டே புதுத் தாளை எடுத்தார். வகை, எண், தோட்டா எண்ணிக்கை, கட்டையில் இருக்கும் விரிசல், தேதி, நேரம், முத்திரை எல்லாம் அதில் வந்தது. நீங்களும் இதற்குக் குறைந்த எதையும் வாங்காதீர்கள்.

ஸ்டேஷனா டீலரா என்று கேட்டால், கையில் காசு இருந்தால் டீலர் என்பேன். மாத வாடகை வாங்குவார், ஆனால் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார். ஸ்டேஷனில் மூலையில் சாய்ந்து துரு ஏறும். டீலரிடம் வைத்தாலும் ஸ்டேஷனுக்கும் லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒப்படைத்தாயிற்று, நிம்மதி என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அதற்கும் காலக்கெடு உண்டு. கெடுவுக்குள் வாரிசுகள் லைசென்ஸ் எடுத்துத் திரும்ப வாங்கலாம், அல்லது விற்கலாம். கெடு தாண்டினால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். உங்கள் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று ரசீது வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி. ஆயுத விதிகள் 2016 வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்க வழி வைத்திருக்கிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அதற்குத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில். அதோடு பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று. அப்புறம் போலீஸ் விசாரணை. மாவட்டத்தில் கலெக்டர், மாநகரத்தில் போலீஸ் கமிஷனர் கையெழுத்துப் போடுவார்கள். அப்பாவுக்கு இருந்ததால் பிள்ளைக்குக் கிடைத்தே தீரும் என்று இல்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. ஏற்கெனவே சொந்த லைசென்ஸ் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2019க்குப் பிறகு ஒருவர் பெயரில் 2 துப்பாக்கிதான், முன்பு 3. வாரிசாக வருவதும் அந்த இரண்டுக்குள் அடக்கம். லைசென்ஸ் செல்லும் காலம் மட்டும் 3 வருடத்திலிருந்து 5 ஆனது.

மலையோரத்துக்காரர்களுக்கு இன்னொரு விஷயம், கலெக்டர் ஆபீசிலேயே சிலருக்குத்தான் தெரிந்திருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் 34ஆம் பிரிவு. சரணாலயத்துக்கு உள்ளேயோ அதன் 10 கிலோமீட்டர் சுற்றளவிலோ குடியிருந்து லைசென்ஸ் வைத்திருப்பவர், சரணாலயம் அறிவித்த 3 மாதத்துக்குள் வனத்துறையிடமும் தன் பெயரைப் பதிய வேண்டும். அந்தச் சுற்றளவில் புது லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் முதலில் வேண்டும். எங்கள் காடு அந்தச் சுற்றளவுக்குள் வருகிறது. நான் லைசென்ஸ் கேட்டிருந்தால் கோப்பு வனத்துறைக்கும் போய் வந்திருக்கும். பயிர்க் காவலுக்கு என்று லைசென்ஸில் எழுதியிருப்பதால் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது வேறு சட்டம், வேறு அனுமதி.

"என் பெயரில் வாங்கிடலாம்க்கா" என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். அபார்ட்மென்டில் மூன்றாவது மாடி, வீட்டில் ஏழு வயதுப் பையன். எங்கே வைப்பாய் என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில் என்றான். அதற்குமேல் அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை. விற்றுவிடுவது என்று முடிவானது.

அப்போதுதான் அந்த ஏழு வேலையைக் காட்டியது. விற்க அனுமதி கேட்டுப் போன இடத்தில் கிளார்க் இரண்டு எண்களையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், ஸ்டேஷன்ல இருக்கிற 38274க்கு லைசென்ஸ் இல்ல. லைசென்ஸ்ல இருக்கிற 38214 எங்க?" ஒரு எழுத்துப் பிழையால் ஒரே துப்பாக்கி இரண்டாகிவிட்டது, ஒன்று கள்ளத் துப்பாக்கி, இன்னொன்று காணாமல் போனது. இரண்டுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். பழைய கையெழுத்துப் புத்தகத்திலிருந்து கணினிக்கு ஏற்றியபோது யாரோ ஏழின் மேல்கோட்டைக் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். அந்தப் பழைய புத்தகத்தை மாற்றும்போதே வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

காப்பாற்றியது தேர்தல். தேர்தல் அறிவித்தால் அப்பா மறுநாளே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். முடிவு வந்து ஒரு வாரம் கழித்துப் போய்த் திரும்ப வாங்குவார். தேர்தல் ஆணையம் எல்லாரையும் ஒப்படைக்கச் சொல்வதில்லை. ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவர வழக்கில் இருந்தவர் என்று ஒரு குழு உட்கார்ந்து பரிசீலித்து ஒப்படைக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் வழிகாட்டுதல். நடைமுறையில் ஸ்டேஷனிலிருந்து எல்லாருக்கும் போன் வரும். எனக்குத் தெரிந்து அப்பா ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்கிக் கம்பியில் குத்தி வைத்திருந்தார், கரண்ட் பில் ரசீதோடு சேர்த்து. அந்தக் கம்பியை மடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். 1996 ரசீது. பழுப்பேறிய தாள், நீல மசி, நடுவில் கோடு போட்ட ஏழு: 38274. லைசென்ஸ் எண்ணும் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

அதை நகலெடுத்து, துப்பாக்கியின் படத்தோடு, எண்ணைத் திருத்தித் தரும்படி மனு கொடுத்தேன். ஐந்து மாதம் ஆனது. லைசென்ஸ் வைத்திருக்கும் உங்கள் அப்பாவோ மாமனாரோ உயிரோடு இருந்தால், இன்று சாயங்காலமே துப்பாக்கி எண்ணையும் புத்தகத்து எண்ணையும் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் உரிமக்காரரே போய்த் திருத்துவது ரொம்பச் சுலபம். வாரிசு போனால்தான் சந்தேகம் வரும்.

அதைவிட நல்ல வழியும் இருக்கிறது. உரிமக்காரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிவிட விதி இடம் தருகிறது. அப்பா 81 வயதில் போனார், 1979 லைசென்ஸ். எந்தக் கணக்கில் பார்த்தாலும் தகுதி இருந்தது. யாரும் யோசிக்கவில்லை. யாருக்கும் வேண்டாம் என்றால் அவரே முன்கூட்டி எழுத்தில் தகவல் கொடுத்து, 45 நாள் பொறுத்து, லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்றுவிடலாம். உரிமக்காரர் படுக்கையில் இருக்கிறார், பிள்ளை துப்பாக்கியை ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ எடுத்துப் போக வேண்டும் என்றால், அவர் கைப்பட எழுதிய அதிகாரக் கடிதம் பையில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் அந்த வேலைகளுக்கு மட்டும்தான்; காட்டுக்குக் காவல் போக அது செல்லாது.

எங்கள் பக்கம் சில வீடுகளில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியும் கிடக்கும், குழலில் வெடிமருந்து கெட்டிக்கிற வகை. பழசு, துரு பிடித்தது, அதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம் என்பார்கள். சட்டம் விலக்கு கொடுப்பது ரிப்பேர் செய்தாலும்கூடத் துப்பாக்கியாகப் பயன்படாத பழம்பொருளுக்கு மட்டுமே. "ரிப்பேர் செய்தாலும்கூட" என்பதைக் கவனியுங்கள். கொல்லன் பட்டறையில் அரை நாளில் சரியாகிவிடும் என்றால் அது துப்பாக்கிதான். குடகுக்காரர்களுக்கு லைசென்ஸே வேண்டாமே என்று ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். அது உண்மைதான். கொடவர்களுக்கும், ஜம்மா என்ற குடகின் பழைய பரம்பரை உரிமையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் அந்த விலக்கு 2029 வரை இருக்கிறது. சித்தப்பாவுக்கு இல்லை.

கடைசியில் அனுமதி வந்தது. டீலர் கொடுத்த விலை, நான் ஆட்டோவுக்கும் நகலுக்கும் செலவழித்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பேரம் பேசவில்லை. விற்கும் நாளில் வாங்க வேண்டியவை: எண் போட்ட விற்பனை ரசீது, துப்பாக்கி வெளியே போனதற்கு ஸ்டேஷன் பதிவேட்டில் போட்ட குறிப்பின் நகல், அப்பாவின் லைசென்ஸைத் திரும்ப ஒப்படைத்ததற்கான கடிதம். மூன்றையும் அந்தப் பழைய கம்பியிலேயே குத்தி வைத்திருக்கிறேன்.

தோட்டா செருகும் தோல் பெல்ட் ஒன்று மிச்சம் இருந்தது. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று டீலர் சிரித்தார். இருபத்தைந்து பையிலும் விரல் விட்டுப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தேன்.